மின்னஞ்சல்: சுருக்கமா, விரிவா?

தந்தி இருந்த காலத்தில் சொல்லுக்குக் காசு. அதனால் "அப்பா சீரியஸ், உடனே புறப்படு" என்பதற்கு மேல் யாரும் எழுதத் துணிந்ததில்லை. தீபாவளி, பொங்கல், கல்யாண வாழ்த்துகளுக்கு ஆளுக்கொரு எண் வைத்திருந்தார்கள். எண்ணைச் சொன்னால் போதும், அதற்குரிய வாசகம் போய்ச் சேர்ந்துவிடும். 1879-இல் வந்த அஞ்சலட்டையில் இடம் கொஞ்சம். பிறகு வந்த இன்லண்ட் லெட்டரில் மடிப்பு ஓரத்தைக்கூட விடாமல் எழுதினோம். எவ்வளவு எழுதலாம் என்பதைக் காசும் காகிதமும் தீர்மானித்த காலம் அது.

மின்னஞ்சலுக்கு இந்த இரண்டு வேலியும் கிடையாது. 1971-இல் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் வலையமைப்பு வழியாக ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு முதல் மடலை அனுப்பினார். நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. 2013 ஜூலையில் தந்திச் சேவையே மூடப்பட்டது. இன்று ஒரு வரி எழுதினாலும் நூறு வரி எழுதினாலும் அனுப்புகிறவருக்குச் செலவு ஒன்றுதான். அதனால்தான் இப்படி ஒரு பட்டிமன்றம் எழுகிறது: சுருக்கமா, விரிவா?

என் கட்சி இதுதான்: செலவு மறைந்துவிடவில்லை, கை மாறியிருக்கிறது. தந்தியில் எழுதுகிறவர் கொடுத்த விலையை மின்னஞ்சலில் படிக்கிறவர் கொடுக்கிறார். வளவளவென்று எழுதினால் படிக்கிற நேரம் போகிறது. அரைகுறையாக எழுதினால் திருப்பிக் கேட்கிற நேரம் போகிறது.

நன்னூல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. பவணந்தி முனிவர் நூலுக்குரிய பத்துக் குற்றங்களை அடுக்கும்போது முதலில் வைப்பது 'குன்றக் கூறல்', அடுத்ததுதான் 'மிகைபடக் கூறல்'. பத்து அழகுகளைச் சொல்லும்போது 'சுருங்கச் சொல்லல்' முதலில் வருகிறது, ஆனால் உடனே 'விளங்க வைத்தல்' அதன் பக்கத்தில் வந்து நிற்கிறது. சுருக்கம் வேறு, குறைவு வேறு. விளங்காத சுருக்கம் அழகில் சேராது, குற்றத்தில் சேரும்.

தில்லித் தமிழர்களுக்குத் தெரிந்த ஓர் உதாரணம் சொல்கிறேன். "வெள்ளிக்கிழமை தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். ஸ்டேஷனுக்கு வரவும்" என்று ஊரிலிருந்து ஒரு மடல். படிக்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் வெள்ளி இரவு சென்னையில் ஏறுகிறாரா, வெள்ளி காலை புதுதில்லியில் இறங்குகிறாரா? வெள்ளி இரவு ஏறினால் இங்கே வந்து சேர்வது ஞாயிறு காலை. எத்தனை பேர்? எந்தப் பெட்டி? கூட வரும் பாட்டிக்குச் சக்கர நாற்காலி வேண்டுமா? ஐந்து சொல் மடலுக்கு ஆறு மடல் பின்தொடரும். "23-ஆம் தேதி வெள்ளி இரவு சென்னையில் ஏறுகிறோம், 25 ஞாயிறு காலை புதுதில்லி, மூன்று பேர், எஸ்-4 பெட்டி, பாட்டியால் படியேற முடியாது" என்று எழுதியிருந்தால் இரண்டே வரி. ஆனால் முழு மடல்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? பாதி, குறுஞ்செய்தி கற்றுக்கொடுத்தது. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலம் என்றால் 160 எழுத்து, தமிழ் என்றால் 70 குறியீடுதான் அடங்கும். மீதிப் பாதி, எழுத்துருத் தொல்லை. 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் இங்கிருந்து தமிழில் அடித்தால் ஊரில் கட்டம் கட்டமாகத் தெரியும். எதற்கு வம்பு என்று ஆங்கிலத்தில் ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டோம். இப்போது யூனிகோடு வந்து அந்தக் கஷ்டம் அநேகமாகத் தீர்ந்துவிட்டது. பழக்கம் மட்டும் தீரவில்லை.

விஷயம் கனமாகும்போது இதன் விலையும் ஏறும். என் மாமியார் கோவையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை ஆயிற்று. என் மனைவி இங்கிருந்து போய்ப் பக்கத்தில் இருந்தாள். அண்ணன் புணேயில், தம்பி பெங்களூரில். "டிஸ்சார்ஜ் எப்போ?", "நீ என்ன நினைக்கிறே?", "அண்ணாவைக் கேளு" என்று மடல்கள் பறந்தன. எல்லாம் ஒற்றை வரி. யாருக்கும் அம்மாமேல் அன்பு குறைவில்லை. ஆனால் முடிவு மட்டும் வரவில்லை. "என்னை வெச்சுக்க யாருக்கும் இஷ்டமில்லை போலிருக்கு" என்று அந்த அம்மாள் சொல்கிற அளவுக்குப் போய்விட்டது.

ஒரு ராத்திரி என் மனைவி உட்கார்ந்து ஒரு பக்கத்துக்கு எழுதினாள். நடைப்பயிற்சி பற்றி டாக்டர் சொன்னது, யார் வீட்டில் லிஃப்ட் இருக்கிறது, பகலில் யார் வீட்டில் ஆள் இருக்கும், கோவையை விட்டு வர அம்மாவுக்கே மனமில்லை என்பது, அதற்கு மூன்று வழி. கடைசியில், "ஞாயிறு ராத்திரிக்குள் ஒரு வரி பதில் போதும்." பதில் வந்தது. "ரெண்டாவது வழி. முதல் மாசம் நான் வந்து இருக்கேன்" என்றார் அண்ணன். "சரிக்கா, அடுத்த மாசம் நான்" என்றான் தம்பி. ஒரு பக்க மடலும் சரி, ஒரு வரிப் பதிலும் சரி. நீளம் எழுதியதால்தான் சுருக்கம் போதுமாயிற்று.

அரசு அலுவலகக் கோப்புகளில் உழன்றவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். நல்ல குறிப்பு என்பது பழைய கோப்பைப் புரட்டாமலே மேலதிகாரி முடிவெடுக்கும்படி இருக்க வேண்டும். என்ன பிரச்சினை, இதுவரை நடந்தது என்ன, விதி என்ன சொல்கிறது, நம் யோசனை என்ன, அவ்வளவுதான். மின்னஞ்சலுக்கும் இது பொருந்தும், ஒரு மாற்றத்தோடு: கோப்பில் கடைசியில் வரும் வேண்டுகோள் மடலில் முதலில் வரட்டும். கைப்பேசியில் படிப்பவர் கண்ணில் முதலில் படுவது தலைப்பும் இரண்டு வரியும்தான். ஒரு மடலுக்கு ஒரு விஷயம். இரண்டு விஷயம் எழுதினால் ஒன்றுக்குத்தான் பதில் வரும். தேதியோடு கிழமையும் சேர்த்து எழுதுங்கள், தவறு இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.

அனுப்பும் முன் இரண்டு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும். இதைப் படித்தபின் அவர் என்னிடம் திரும்ப என்ன கேட்பார்? அதைச் சேர்த்துவிடுங்கள். எதை எடுத்துவிட்டால் அவர் தேடவே மாட்டார்? அதை எடுத்துவிடுங்கள். பிறகு வரிகளை எண்ண வேண்டியதில்லை.

ஊரிலிருக்கும் பெற்றோருக்கு எழுதும்போது மட்டும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். "சௌக்கியம்" என்ற ஒரு சொல்லில் தகவல் முடிந்துவிடும்தான். ஆனால் அவர்கள் தேடுவது தகவலையா? இங்கே குளிர் எப்படி, பேரன் என்ன சேட்டை செய்தான், எந்தக் காய் என்ன விலை என்பதெல்லாம் அவர்கள் மறுபடி மறுபடி படிக்கிற வரிகள். அங்கே அது மிகைபடக் கூறல் ஆகாது.