நெடுங்கவிதையில் பார்வைக் கோணம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

கொடைரோடு இரயில் நிலையத்தில் நின்று தண்டவாளங்களைப் பார்க்காதவர் நம்மில் இருக்க முடியாது. அருகே அகன்றிருக்கும் இரு கம்பிகளும் தூரத்தில் ஒன்றாகக் கூடுவது போல் தோன்றும். ஆனால் அவை கூடுவதில்லை. அகல இருப்புப் பாதையில் அவற்றின் இடைவெளி எங்கும் 1,676 மில்லிமீட்டரே. 100 மீட்டர் தொலைவில் அந்த இடைவெளி நம் கண்ணில் ஏறத்தாழ ஒரு பாகைக் கோணத்தை உண்டாக்குகிறது. 1,000 மீட்டரில் அது பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. பொருள் மாறவில்லை, பார்ப்பவர் நிற்கும் இடமே காட்சியை வகுக்கிறது. வகுப்பில் கற்ற இச்சிறு பாடம் ஒரு கவிதையை உணர எனக்கு எவ்வாறு துணைநின்றது என்பதை விளக்க முற்படுகிறேன்.

ஓவியத்தில் கோணம்

இத்தாலிய அறிஞர் ஆல்பர்ட்டி 1435-இல் இவ்விதியை ஓவியர்களுக்காக எழுதிவைத்தார். ஓவியர் ஓரிடத்தில் அசையாது நின்று ஒரே கண்ணால் பார்ப்பதாகக் கொள்வது அம்முறை. நம் சித்தன்னவாசல் ஓவியமோ இதற்குக் கட்டுப்பட்டதன்று. அங்கே விதானத்தில் தீட்டப்பெற்ற தாமரைக்குளம் மேலிருந்து பார்த்தது போல் விரிந்துகிடக்கிறது. அதே குளத்திலுள்ள மீன்களும் யானைகளும் பூப்பறிக்கும் மனிதர்களும் பக்கத்தில் நின்று பார்த்தது போல் காட்சியளிக்கின்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிக்காசோ ஒரே உருவத்தைப் பல பக்கங்களிலிருந்தும் பார்த்து ஒரே படத்தில் அமைத்தார். ஒரு பொருளின் முழு உண்மைக்கு ஒரு கோணம் போதாது என்பதே இவற்றால் பெறப்படும் கருத்து.

கவிதையில் கோணம்

1922-இல் வெளிவந்த எலியட்டின் 'பாழ்நிலம்' இவ்வுத்தியைக் கவிதைக்குக் கொணர்ந்தது எனலாம். ஐந்து பகுதிகளிலும் குரல்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. அவற்றை இணைப்பவன் டைரீசியஸ். ஆணாகவும் பெண்ணாகவும் வாழ்ந்தவன், ஆனால் குருடன். அவன் காண்பதே கவிதையின் சாரம் என்று எலியட்டே குறிப்பு எழுதியுள்ளார்.

தமிழில் இதன் தாக்கத்தைக் காண நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நமக்கு மேற்கேயுள்ள வத்தலக்குண்டைச் சேர்ந்த சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கி, 1970 வரை 119 இதழ்கள் நடத்தினார். அவ்விதழ் வளர்த்த கவிஞர்களுள் சி. மணி ஒருவர். 1962-இல் வெளிவந்த அவருடைய 'நரகம்' புதுக்கவிதையின் முதல் நெடுங்கவிதைகளுள் வைத்து எண்ணப்படுவது. நகரத்து வீதிகளில் நிறைவேறாத இச்சையோடு அலையும் ஓர் இளைஞனின் கண்வழியே காட்சிகள் விரிகின்றன. பழைய இலக்கியத்தின் எதிரொலிகளும் இன்றைய தெருவின் ஓசைகளும் அருகருகே ஒலிக்கின்றன. கிழக்கையும் முற்றிலும் விடாமல், மேற்கையும் சென்றடையாமல் இடையில் நிற்கும் தமிழ் இளைஞனின் அவலமே அதன் பொருள்.

அழகு யாருடையது?

முதல் வாசிப்பில் எனக்குச் சினமே வந்தது. பெண்கள் அங்கே அவன் பார்வையில் படும் உருவங்களாகவே வருகிறார்கள். பேருந்து நிறுத்தத்தில் அத்தகைய பார்வையைத் தாங்கி நின்றவள் நான். மறுமுறை படித்தபோது தலைப்பு கண்ணில் பட்டது. அழகை உடைமையாக மட்டும் நோக்கும் அந்தப் பார்வையைத்தான் கவிஞர் நரகம் என்கிறாரே! ஆகவே இது விரசம் அன்று. நோயைக் கண்டறிந்து கூறுவது.

ஆயினும் ஒரு குறை எஞ்சுகிறது. டைரீசியஸ் இருபாலாரின் துயரையும் அறிந்தவன். 'நரக'த்தின் இளைஞனுக்கு ஒரு கோணமே உண்டு. பார்க்கப்படுபவள் என்ன பார்க்கிறாள்?

என் தாயார் இருட்டோடு எழுந்து மல்லிகை பறிக்கச் செல்பவர். கூந்தலில் சூடுபவருக்கு அப்பூ அழகு. நிலக்கோட்டைப் பூச்சந்தையில் அது எடை. அம்மாவுக்கோ விடிவதற்குள் பறித்து முடிக்க வேண்டிய மொட்டு. மூன்றும் உண்மைகளே. சித்தன்னவாசல் ஓவியன் குளத்தை வரைந்ததோடு நிற்காமல் பூப்பறிப்பவரையும் அதனுள் வரைந்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு முதலில் வந்தவள் நான். பறிப்பவரின் கண்ணிலிருந்தும் ஒரு நெடுங்கவிதை எழுத வேண்டும் என்ற ஆசையை 'நரகம்' என்னுள் விதைத்துவிட்டது. அதற்காகவே அக்கவிதைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.