பாலீஷுக்கு முன்னாடி பிரேக்: ஒரு 1969 எம்ஜிபியோட கதை

ரெண்டு எபிசோடுக்கு முன்னாடி, இங்கிலாந்தில் வேலை பார்த்தப்போ பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்னு வச்சிருந்தேன்னு போற போக்கில் சொன்னேன். அதுக்கு வந்த கேள்விகளில் பாதி, "மங்கிப்போன பெயின்டை எப்படி பளபளன்னு கொண்டு வந்தீங்க?" ரகம். சொல்றேன். ஆனா அதைக் கடைசியில்தான் சொல்லுவேன். நான் அதை முதலில் செஞ்சுதான் மாட்டிக்கிட்டேன்.

கார் 1969 எம்ஜிபி ரோட்ஸ்டர். ரெண்டு சீட், துணிக்கூரை, 1798 சிசி நாலு சிலிண்டர் இன்ஜின். 1962-லிருந்து 1980 வரைக்கும் அபிங்டன் என்ற ஊரில் 5 லட்சத்துக்கும் மேல் செஞ்சிருக்காங்க. அதனால் அங்கே இது அபூர்வமான வண்டி இல்லை. ஸ்பேர் பார்ட்ஸ் தாராளமா கிடைக்கும், புது பாடியே வாங்கலாம். கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. பானெட்டைத் திறந்தா இன்ஜினைச் சுத்தி கை விட இடம் இருக்கும். எனக்கு மாதிரி கோடு மட்டுமே எழுதத் தெரிஞ்ச ஆளுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்காது.

ஒரு விஷயத்தை மட்டும் நான் லேசா எடுத்துக்கிட்டேன். பிரிட்டனில் 40 வயசு தாண்டின, பெருசா மாற்றம் செய்யாத காருக்கு எம்ஓடி என்ற வருஷாந்திர சோதனை கட்டாயமில்லை. 2018-லிருந்து இப்படித்தான். "அப்பாடா, செலவு மிச்சம்"னு நினைச்சேன். நிஜத்தில் அதுக்கு அர்த்தம் வேற. வண்டி ரோட்டில் ஓடத் தகுதியா இருக்கணும்கிற பொறுப்பு அப்படியே இருக்கு, பார்த்துச் சொல்ல மட்டும் ஆள் இல்லை.

முதல் மாசம் முழுக்க பாலீஷ். சிவப்பு நிறம் தக்காளி மாதிரி மின்னுச்சு. பெருமையா பெரியப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். அவர் மதுரையில் பல வருஷம் அம்பாசடர் டாக்ஸி ஓட்டினவர். அம்பாசடரில் நீண்ட காலம் இருந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் எம்ஜிபி இன்ஜினும் ஒரே குடும்பம், பிஎம்சி-யோட பி-சீரிஸ். பானெட்டுக்குள்ள கேமராவைக் காட்டினதும் அவர் முகம் மாறிடுச்சு, பழைய சினேகிதனைப் பார்த்த மாதிரி.

"எல்லாம் ஜோரா இருக்குடா. பிரேக்கு?"

"நிக்குது பெரியப்பா."

"நிக்குதுன்னா? ஒரே மிதியிலயா, ரெண்டு மிதியிலயா?"

ரெண்டு மிதி. பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்னு நானா முடிவு பண்ணியிருந்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "நாளைக்கு வண்டியை எடுக்காத"ன்னார்.

இங்கே கொஞ்சம் விளக்கணும். இன்றைய கார்களில் பிரேக் ஆயில் ரெண்டு தனித்தனி சர்க்யூட்டில் போகும். ஒன்னு ஒழுகினாலும் இன்னொன்னு பாதி பிரேக்காவது கொடுக்கும். அந்தக் காலத்தில் பிரிட்டனுக்குள்ள விற்ற எம்ஜிபியில் ஒரே சர்க்யூட்தான். எங்கேயாவது ஒரு இடத்தில் விட்டுச்சுன்னா நாலு வீலுக்கும் சேர்த்துப் போச்சு. மிச்சம் ஹேண்ட்பிரேக் மட்டும்.

மறுநாள் வண்டியை ஜாக்கில் தூக்கி, ஆக்சில் ஸ்டாண்டில் உட்கார வச்சேன். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீங்க, இதில் சமரசமே கிடையாது. பின்பக்க இடது டிரம்மைக் கழட்டினா உள்ளே ஈரம். வீல் சிலிண்டர் சீல் தேய்ஞ்சு, ஆயில் பிரேக் ஷூ முழுக்க ஊறியிருந்துச்சு. எத்தனை நாளா அப்படியோ. அந்த வண்டியில் நான் ஹைவேயில் போய் வந்திருக்கேன்.

சிலிண்டர் விலை குறைவு, வேலையும் கஷ்டமில்லை. ஆனா சில விஷயங்கள் தெரிஞ்சிருக்கணும். ஆயில் ஊறின ஷூவைத் துடைச்சுத் திரும்ப மாட்டக் கூடாது. ரெண்டு பக்கமும் சேர்த்தே மாத்தணும், இல்லைன்னா பிரேக் ஒரு பக்கமா இழுக்கும். பழைய ஷூ தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதனால் ஊதாதீங்க, ஈரத்துணியால் துடைங்க. ரப்பர் ஹோஸையும் அப்போதே மாத்திடுங்க. வெளியே பார்க்க நல்லா இருக்கும், உள்ளே ஊதிப்போய் அடைச்சிருக்கும். மிதிச்சா ஆயில் போகும், காலை எடுத்தா திரும்பி வராது, அந்த வீல் மட்டும் பிடிச்சுக்கிட்டே ஓடும். கடைசியில் ஏர் எடுக்கணும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான வீலில் ஆரம்பிச்சு கிட்டே வரணும். மிதிக்க ஒரு ஆள் வேணும். எனக்கு ரூம்மேட் மாட்டினான்.

இதில் ஒரு கூத்து. மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் ஊத்தும்போது கொஞ்சம் விங் மேல் சிந்திடுச்சு, கவனிக்கலை. பிரேக் ஆயில் பெயின்டைத் தின்னும். ஒரு மாசம் தேய்ச்சுத் தேய்ச்சு மினுக்கின இடம் கொப்புளம் கட்டி உரிஞ்சு வந்துச்சு. சிந்தின உடனே நிறைய தண்ணி ஊத்திக் கழுவியிருந்தா தப்பிச்சிருக்கும்.

அடுத்து ஸ்பானர். இந்த வண்டியில் நட்டு போல்ட்டெல்லாம் இன்ச் அளவு. அரை இன்ச் நட்டுன்னா 12.7 மில்லிமீட்டர். நம்ம கிட்ட இருக்கிற 13 நம்பர் ஸ்பானர் "கிட்டத்தட்ட" பொருந்தும். அந்த 0.3 மில்லிமீட்டர் இடைவெளியில்தான் நட்டோட முனையெல்லாம் மழுங்கும். யூனிட் பார்க்காம ரெண்டு நம்பரைக் கூட்டினா என்ன ஆகும்னு நம்ம ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வால்வ் இடைவெளி சரி பண்றது எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. எட்டு வால்வ், இன்ஜின் ஆறியிருக்கும்போது 0.015 இன்ச் வைக்கணும். எந்த வால்வ் எப்போ முழுசா மூடியிருக்கும்னு எப்படித் தெரியும்? பெரியப்பா போனிலேயே சொல்லிக் கொடுத்தார்: கூட்டினா ஒன்பது வரணும். எட்டாவது வால்வ் முழுசா அமுங்கியிருக்கும்போது ஒன்னாவதைச் சரி பண்ணு. மூணாவது அமுங்கியிருந்தா ஆறாவது. பிளக்கெல்லாம் கழட்டிட்டு, நாலாவது கியரில் போட்டு வண்டியை மெதுவா முன்னாடி தள்ளினா இன்ஜின் சுத்தும். ஃபீலர் கேஜ் லேசா உரசிக்கிட்டு வரணும். முடிச்சுட்டு ஸ்டார்ட் பண்ணினப்போ டக் டக் சத்தம் அடங்கியிருந்துச்சு. அந்த நிமிஷம், முதல் தடவையா என் கோடு ப்ரொடக்ஷனில் ஓடினப்போகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வரலை.

ரெண்டு எஸ்யு கார்புரேட்டர் பத்தி நிறைய பயமுறுத்துவாங்க. ரெண்டும் ஒரே அளவு காத்தை இழுக்குதான்னு பார்க்க ஒரு ரப்பர் ட்யூபைக் காதில் வச்சு, மறுமுனையை மாத்தி மாத்தி வாயில் பிடிச்சுக் கேட்டாலே போதும். மேலே இருக்கிற டேஷ்பாட்டில் ஆயில் இருக்கான்னு மட்டும் மறக்காம பாருங்க. அது வத்திப்போச்சுன்னா ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வண்டி திக்கும்.

துருவில் முக்கியம் சில், அதாவது கதவுக்குக் கீழே நீளமா போற பகுதி. கூரை இல்லாத காரில் அதுதான் முதுகெலும்பு. ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுத்தி வச்சுப் பாருங்க. ஒட்டலைன்னா உள்ளே இரும்பு இல்லை, பட்டி மாவுதான். இன்னொரு சோதனை: வண்டியை ஜாக்கில் ஏத்தினதும் கதவைத் திறந்து மூடுங்க. மூட மாட்டேன்னு அடம் பிடிச்சா, பாடி வளையுது. அந்த வண்டிக்கு பாலீஷ் இல்லை, வெல்டர் வேணும்.

இப்போ பெயின்ட். இன்றைய கார்களில் நிறத்துக்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு கிளியர் கோட் இருக்கும். பழைய பெயின்டில் நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கு. தேய்ச்சா துணி சிவப்பாகும், பதறாதீங்க, மங்கிப்போன மேல்தோல்தான் வருது. ஆனா ஒவ்வொரு தடவையும் பெயின்ட் மெலிசாகுது. முதலில் நல்லா கழுவி, க்ளே பாரால் ஒட்டின அழுக்கை எடுத்து, இருக்கிறதிலேயே மென்மையான பாலீஷை ஒரு சின்ன இடத்தில் கையால் போட்டுப் பாருங்க. அது போதும்னா அதோட நிறுத்துங்க. மெஷின் எடுத்தீங்கன்னா மடிப்பு, விளிம்பு எல்லாத்திலேயும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. விளிம்பில்தான் பெயின்ட் ரொம்ப மெலிசு. நான் ஒட்டலை, பானெட் ஓரத்தில் கட்டை விரல் நகம் அளவுக்கு ப்ரைமர் தெரிஞ்சுது. க்ரோம் பம்பரில் இருக்கிற லேசான துருவுக்கு அலுமினிய ஃபாயிலைத் தண்ணியில் நனைச்சுத் தேய்ச்சாலே போகும். அலுமினியம் க்ரோமைவிட மிருது, அதனால் கீறாது. ஆனா முலாம் உரிஞ்சு குழியான இடம் திரும்ப வராது.

ஊருக்குக் கிளம்பும்போது வண்டியை வித்துட்டேன். வாங்க வந்தவர்கிட்ட அந்த நக அளவு ப்ரைமரையும் விங்கில் இருந்த கொப்புளத்தையும் நானே காட்டினேன். அவர் தலையாட்டிட்டு, நேரா சீட்டில் உட்கார்ந்து பிரேக் பெடலை மிதிச்சுப் பார்த்தார். ஒரே மிதிதான்.

அடுத்த எபிசோடுக்கு பெரியப்பாவைக் கூப்பிட்டிருக்கேன். அம்பாசடர் பத்தி என்ன கேட்கணுமோ அனுப்பி வைங்க. அவர் பேச ஆரம்பிச்சா ரெண்டு பாகமா போட வேண்டியிருக்கும்.