பொல்லாத பனிச் சிகரம்

உலகில் மிக உயரமான மலைச் சிகரம் எவரெஸ்ட். அடுத்த சிகரம் எது?

அதன் பெயர் "கே.2". எவரெஸ்ட் அண்ணன் என்றால், இது தம்பி. ஆனால் பொல்லாத தம்பி!

காஷ்மீருக்கு வடக்கே, சீன எல்லையில், காரகோரம் மலைத்தொடரில் இது நிற்கிறது. உயரம் 28,251 அடி. கடைசி ஊரான அஸ்கோலியில் இருந்து சுமார் ஒரு வாரம் நடந்தால்தான் அடிவாரத்தை அடையலாம். வழியெல்லாம் பனியும் பாறையும்தான்!

1856-ம் ஆண்டு, நில அளவை அதிகாரி ஒருவர் இந்தச் சிகரத்துக்கு "கே.2" என்று அடையாளம் போட்டார். அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

பனியில் ஓர் இரவு

1954-ம் ஆண்டு, இத்தாலி நாட்டுக் குழு ஒன்று இங்கே வந்தது. ஜூலை 31-ந் தேதி லாச்சதெல்லி, கொம்பஞோனி என்ற இருவர் உச்சியில் ஏறி வெற்றிக் கொடி நாட்டினார்கள்.

அந்த வெற்றிக்குப் பின்னால் ஒரு சோகக் கதை உண்டு.

முதல் நாள் மாலை. உச்சிக்குப் போகும் இருவருக்காக, வேறு இருவர் பிராணவாயு உருளைகளைச் சுமந்து வந்தார்கள். ஒருவர், 24 வயது இத்தாலிய வாலிபர் பொனாட்டி. இன்னொருவர், ஹுன்சா பகுதியைச் சேர்ந்த சுமை தூக்கும் தொழிலாளி அமீர் மெஹ்தி.

பேசி வைத்த இடத்தில் கூடாரம் இல்லை! அது இன்னும் மேலே போடப்பட்டிருந்தது. அதற்குள் இருட்டிவிட்டது. மேலே போகவும் வழி இல்லை. கீழே இறங்கவும் வழி இல்லை.

சுமார் 26,500 அடி உயரத்தில், கூடாரமோ போர்வையோ இல்லாமல், இருவரும் விடிய விடியப் பனியில் கிடந்தார்கள்.

உயிர் தப்பியது. ஆனால் மெஹ்தியின் கால் விரல்கள் பனியால் கெட்டுவிட்டன. டாக்டர்கள் அவற்றை வெட்டி எடுத்தார்கள். அவர் சுமந்து வந்த பிராணவாயு உச்சி வரை போனது. அவர் போகவில்லை!

பத்துப் பேர்

ஆண்டுகள் உருண்டன. 8 ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட 14 சிகரங்களில், குளிர்காலத்தில் யாரும் ஏறாமல் கடைசியாக எஞ்சி நின்றது கே.2 மட்டுமே.

2021-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி அதுவும் பணிந்தது. ஏறியவர்கள் 10 பேர். பத்துப் பேரும் நேபாள நாட்டவர். அவர்களில் 9 பேர் ஷெர்பாக்கள்; காலம் காலமாகப் பிறருடைய வெற்றிக்காகச் சுமை தூக்கியும், கயிறு கட்டியும் வழி காட்டிய இனத்தார்.

முதலில் போனவர்கள் தனியாக உச்சியை மிதிக்கவில்லை. சற்றுக் கீழேயே நின்றார்கள். பின்னால் வந்தவர்களுக்காக அந்தக் கொடுங்குளிரில் காத்திருந்தார்கள். பிறகு பத்துப் பேரும் ஒன்றாக, தங்கள் நாட்டுத் தேசிய கீதத்தைப் பாடிக்கொண்டே உச்சியில் கால் வைத்தார்கள்.

"முதலில் ஏறியது யார்?" என்ற கேள்விக்கே அங்கு இடம் இல்லை. யாரும் விட்டுப் போகவும் இல்லை!