101 வருடம் நின்ற எஞ்சின் மறுபடி ஓடியது தெரியுமா?

101 வருடம் அசையாமல் நின்ற ரயில் எஞ்சின் ஒன்று, மறுபடி புகை கக்கிக் கூவிக்கொண்டு ஓடியது தெரியுமா? அதை ஓட வைத்தது நம் சென்னை பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் என்பது தெரியுமா?

அதன் பெயர் இ.ஐ.ஆர். 21. 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்தது. ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியதே 1856-ல்தான். அதற்கும் மூத்தது இது! 1909-ல் ஓய்வு. அப்புறம் ஜமால்பூரிலும் ஹவுராவிலும் வெறும் காட்சிப்பொருள். 2010 ஆகஸ்ட் 15-ல் சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடிக்கு ஜம்மென்று ஓடிவிட்டது! பெங்களூருவிலிருந்து சென்னைக்கு ரயில் ஏறுபவர்களே, ஆவடி வந்ததும் ஜன்னல் பக்கம் பாருங்கள். அந்தத் தாத்தா வந்துபோன வழி அதுதான்.

இப்படி நின்றுபோன எஞ்சினின் பழைய பாய்லருக்கு எடுத்த எடுப்பில் நெருப்பு வைக்க மாட்டார்கள், தெரியுமா? முதலில் பச்சைத் தண்ணீரை முட்ட நிரப்பி, பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றிப் பார்ப்பார்கள். தண்ணீர் லேசில் அமுங்காது. எங்காவது விரிசல் இருந்தால் கசிந்து காட்டிக்கொடுப்பதோடு சரி. அதுவே ஆவி என்றால்? கொதித்த தண்ணீர் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். நம் வீட்டுக் குக்கரின் வெயிட்டைத் தூக்கி ஆட்டுகிற அதே ஆவிதான். பாய்லர் பிளந்தால் வெடிகுண்டு! சோதனையில் தேறிய பிறகும் நெருப்பை மெல்ல மெல்லத்தான் ஏற்றுவார்கள். அவசரப்பட்டால் இரும்பு ஒரு பக்கம் விரியும், இன்னொரு பக்கம் விரியாது, மூட்டுகள் விட்டுப்போகும். எனக்கு இந்தப் பொறுமைதான் பெரிய அதிசயம்.

இன்னொன்று: இ.ஐ.ஆர். 21 எஞ்சினை இழுப்பது ஒரே ஒரு ஜோடிச் சக்கரம். உயரம் ஆறடி! கிளம்பும்போது சக்கரம் தண்டவாளத்தில் வழுக்கினால் நீராவி எஞ்சின்காரர்கள் தூவுவது என்ன தெரியுமா? சாதாரண மணல்!

இப்படி மறுபடி ஓடியது இது மட்டுமல்ல. டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் நீராவி ரயில் உண்டு, தெரியுமா? பாட்டியாலா சமஸ்தானத்து மோனோ ரயில். எடையில் பெரும்பகுதி அந்த ஒரு தண்டவாளத்தின் மேல். சாய்ந்துவிடாமல் தாங்க, பக்கத்தில் தரையில் உருளும் ஒரு பெரிய சக்கரம். 1927-ல் நின்றுபோனதை அமிர்தசரஸ் பட்டறையில் சரிசெய்து ஓட விட்டார்கள்.

நம் இ.ஐ.ஆர். 21-க்கு ஓர் உடன்பிறப்பும் உண்டு. அதே 1855, அதே லீட்ஸ், எண் 22. பெயர் ஃபேரி குயின். ஓடிக்கொண்டிருக்கும் உலகின் மிகப் பழைய நீராவி எஞ்சின் என்று 1998-ல் கின்னஸில் ஏறியது. 2011-ல் அதன் பாகங்களைத் திருடர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எவ்வளவு கொடுமை! பிறகு அது சிகிச்சைக்குப் போன இடம் எது தெரியுமா? அதே பெரம்பூர். 2017-ல் டெல்லியிலிருந்து ரேவாரிக்கு மறுபடி பயணிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது!