தாத்தாவின் முகம் எங்கே?

வீட்டில் சதாபிஷேகம் வருகிறது. "தாத்தா பாட்டி படம் ஒன்று கொடுங்கள், அம்மா" என்கிறார் அச்சகத்துக்காரர். உடனே கைப்பேசியைத் துழாவி, யார் கல்யாணத்திலோ பத்துப் பேர் வரிசையாக நின்ற படத்தை எடுத்து, "இந்த இரண்டு முகத்தை மட்டும் வெட்டிப் போட்டுவிடுங்கள்" என்கிறோம். அழைப்பிதழ் வந்ததும், தாத்தாவின் முகம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது!

குற்றம் அச்சகத்தாருடையதல்ல. அச்சான படம் எதையாவது பூதக் கண்ணாடியால் பாருங்கள், அத்தனையும் புள்ளிகள்! 1880-ஆம் வருஷம் மார்ச் 4-ந் தேதியே நியூயார்க்கின் 'டெய்லி கிராஃபிக்' தினசரி ஒரு புகைப்படத்தை இப்படிப் புள்ளிகளாக்கி அச்சிட்டுவிட்டது. கைப்பேசிப் படமும் புள்ளிகள்தான். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும் என்பது கணக்கு. கும்பலில் தாத்தா முகத்தின் அகலம் 150 புள்ளிதான் என்றால், அது அரை அங்குலத்துக்கே போதும். அதை இரண்டு அங்குலமாக்குவது, ஒருவருக்கு இறக்கிய டிகாக்ஷனில் நாலு பேருக்குக் காப்பி கலந்த கதைதான்!

ஆகையால், முகம் பெரிதாக விழுந்த படத்தையே தேர்ந்தெடுங்கள். வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் புள்ளிகள் குறைந்துவிடும், 'டாக்குமெண்ட்'டாக அனுப்புங்கள்.

புதிதாக எடுப்பதானால், ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார வையுங்கள். பின்னால் பூப்போட்ட திரையும் காலண்டரும் வேண்டாம். வெறும் சுவரே அழகு. எழுத்துக்கும் இடம் வேண்டுமல்லவா? பக்கத்தில் கொஞ்சம் வெற்றிடம் விடுங்கள். முகம் ஒரு பக்கம் திரும்பியிருந்தால், பார்வை எழுத்தை நோக்கி இருக்கட்டும். இடத்தை நிரப்ப அகலத்தை மட்டும் இழுக்காதீர்கள், பாட்டி பூசணிக்காயாகிவிடுவாள்!

இருப்பது ஒரே ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படமா? அசலைப் பத்திரப்படுத்திவிட்டு, அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கீறலையும் கறையையும் கம்ப்யூட்டரில் நீக்கலாம். ஆனால் மங்கிய முகத்தைத் தானாகவே தெளிவாக்கும் செயலிகள் இப்போது வந்திருக்கின்றனவே, அவற்றிடம் ஜாக்கிரதை! படத்தில் இல்லாததை அவை ஊகித்து வரைகின்றன. கண்ணும் மூக்கும் பளிச்சென்று இருக்கும். ஆனால் அது வேறு யாரோ ஒரு பாட்டியாகவும் இருக்கலாம்.

படம் சற்று மங்கலாக இருந்தால்தான் என்ன? பாட்டியை நேரில் பார்த்திராத குழந்தைகளுக்கு அந்த ஒரு படந்தானே பாட்டி!