காற்று குடிக்கும் மீன்

தென்கேரளத்தின் நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்து ஏலா எனும் வயல்வெளிகளிலும் குளங்களிலும் கோடையில் தண்ணீர் வற்றிச் சூடேறும்போது மற்ற மீன்கள் திணறும். பனையேறிக் கெண்டைக்கு அந்தத் திணறல் இல்லை. விருட்டென்று மேலே வரும், ஒரு வாய் காற்றை எடுக்கும், மறுநொடி உள்ளே போய்விடும். மலையாளத்தில் இதற்குக் கரிப்பிடி என்று பெயர். பெயரில்தான் கெண்டை, கெண்டைக்கும் இதற்கும் உறவில்லை.

30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரையக்கூடிய ஆக்சிஜன் சுமார் 7.5 மில்லிகிராம்தான். செடிகொடி அழுகிய குட்டையில் அதுவும் இருக்காது. ஒரு லிட்டர் காற்றிலோ ஏறத்தாழ 270 மில்லிகிராம் இருக்கிறது. தலைக்கு மேலேயே இருக்கும் அந்தச் செல்வத்தை எடுக்க இம்மீனுக்குத் தனி உறுப்பு வாய்த்திருக்கிறது. செவுளுக்கு மேலுள்ள அறையில், ரோஜா இதழ்போல் மடிந்து மடிந்து மெல்லிய எலும்புத் தகடுகள். அவற்றின் மேல் இரத்த நாளங்கள் நிறைந்த தோல். விழுங்கிய காற்று அங்கே தங்க, ஆக்சிஜன் இரத்தத்தில் சேர்கிறது. கரியமில வாயுவின் பெரும்பகுதி வழக்கம்போல் செவுள் வழியாகத் தண்ணீரில் கலந்துவிடும். இந்த வசதிக்கு ஒரு விலையும் உண்டு: ஆக்சிஜன் குறைந்த நீரில் மேலே வரவிடாமல் தடுத்தால், மீனாகப் பிறந்தும் தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்துச் செத்துப்போகும்.

மழை பெய்ததும் இது கரையேறி நடக்கும். முள் விளிம்புள்ள செவுள்மூடியைத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி நகரும். 1791இல் தரங்கம்பாடியில் பனைமரப் பிளவொன்றில் ஏறிக்கொண்டிருந்த இம்மீனைப் பிடித்ததாக டேனிய அதிகாரி டால்டார்ஃப் எழுதினார்; 1797இல் லண்டன் லின்னேயன் சங்கம் அதை வெளியிட்டது. பறவைகள் கவ்விப்போய் மரத்தில் போட்டிருக்கும் என்பது பின்வந்தவர்கள் சொன்ன விளக்கம். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. தரையில் நடப்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

கையால் துழாவி மீன் பிடிப்பவர்கள் பிடித்ததைப் பல்லில் கடித்துக்கொண்டு அடுத்ததைத் தேடுவது உண்டு. இந்த மீனிடம் அது கூடவே கூடாது. வழுக்கித் தொண்டைக்குள் போனால் முட்கள் பின்னோக்கிக் குத்தி நிற்கும், இழுத்தாலும் வராது. இப்படி மூச்சடைத்து இறந்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. குளத்தில் இறங்கும் பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இடுப்பில் ஒரு பறியைக் கட்டி அனுப்புங்கள்.