நேர்கோட்டியக்கப் பொறியும் அதன் உணரிகளும்

மூதூரிலிருந்து லோஞ்சில் வந்த பழைய மாணவர் அறிவர்: இறங்குதுறைக்கு வெகுமுன்னரே ஓட்டி வேகத்தைத் தணித்துவிடுவான். தண்டவாளத்தின்மீது வண்டியொன்றை மின்மோட்டார் முன்னும் பின்னும் நகர்த்தும் நேர்கோட்டியக்கப் பொறிக்கும் இதுவே நியதி.

வண்டி எங்கே நிற்கின்றதென அறிவிப்பவை உணரிகள். தொடக்கநிலையைக் காட்டுவது ஒன்று. இருமுனைகளையுங் காப்பவை இரண்டு. ('உணரி' நல்ல சொல். 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் நம் கல்லூரி அதிபராயிருந்த விபுலாநந்த அடிகளே.)

முனையுணரியைத் தண்டவாள முடிவிற் பொருத்துதல் தவறு. செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்திற் செல்லும் வண்டியின் வேகம் செக்கனுக்கு 5 மீற்றர் வீதங் குறையுமாயின், அது நிற்குமுன் 10 சென்ரிமீற்றர் ஓடும். வேகம் 2 மீற்றராயின் 40 சென்ரிமீற்றர் ஓடும். வேகம் இருமடங்காகத் தூரம் நான்மடங்காகின்றது. அத்தூரத்துக்கு அப்பால், முன்னரே உணரி அமைதல் வேண்டும்.

இணைப்பிலும் ஒரு நுட்பமுண்டு. எப்போதும் மின்னோட்டம் பாய்ந்திருக்க, வண்டி முனையை அணுகியதும் அஃது அறுபடுமாறு இணைப்பதே முறை. கம்பியை எலி கடித்தாலும், துறைமுகத்து உப்புக்காற்று அரித்தாலும் பொறி தானே நிற்கும். மறுதலையாக இணைப்பின், அறுந்த கம்பி வாய்திறவாது. வண்டி மோதிய பின்னரே நாம் அறிவோம்.

முதலோட்டத்தில் அவசரம் ஆகாது. மின்னைத் துண்டித்து, வண்டியைக் கையால் தள்ளித் தடையின்றி ஓடுகின்றதாவெனப் பார்க்கவேண்டும். பொறி செங்குத்தாயின் அதற்கு முன்னரே வண்டிக்கு முட்டுக்கொடுத்தல் வேண்டும். இன்றேல் அது வீழும். பின்னர், மின்னூட்டி நடுவிடத்திலிருந்து மிக மெதுவாக ஓட்டுக. வலமுனையுணரி வலப்பக்க ஓட்டத்தையே நிறுத்துகின்றதா? கம்பிகள் மாறியிருப்பின் உணரி தூண்டப்பட்டும் வண்டி நில்லாது. அவ்வேளை ஒருவர் கை அவசரநிறுத்த ஆளியின்மீது இருந்தவாறே இருக்கவேண்டும்.